கூடி வாழுங் கருமாணிக்கக் கெண்டை

வீட்டிலே கண்ணாடித் தொட்டியொன்றை வைத்து அழகு மீன் வளர்த்தல் இந்நாளிற் பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்காகியுள்ளது. இளைஞரும் முதியோரும் ஒருங்கே மகிழத்தக்க பொழுதுபோக்கு அது. எனினும், வாங்கிய மீன் ஆறு திங்களேனும் உயிரோடிருந்தது என்று சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்? ஒரு கிழமையில் ஒரு மீன் மிதக்கும்; மறுகிழமையில் மற்றொன்று மிதக்கும். “ஏதோ நோய் வந்துவிட்டது” என்று கூறி, தொட்டியைக் கவிழ்த்து மூலையில் வைத்துவிடுவோம். மீனுக்கு நோய் வருதல் உண்டு. ஆயினும் பெரும்பாலான தொட்டிகளிலே மீனைக் கொல்வது நோயன்று, நமது அறியாமையே. இதனைப் பிறர்மேல் வைத்துக் கூறுகின்றேனல்லேன். என் சொந்தப் பிழையினாற் கற்றதையே கூறுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கொழும்பிலிருந்து ஊர் திரும்பும்போது, ஆணொன்றும் பெண்ணொன்றுமாக இரண்டு சிறு கெண்டைகளை வாங்கிவந்தேன். கடைத் தொட்டியிற் கூட்டமாகத் திரிந்தபோது அந்த ஆண் மீன், தலைப்பக்கம் செம்மாணிக்கம் போலவும் வாற்பக்கம் கருவெல்வெற்றுப் போலவும் ஒளிர்ந்தது. வீட்டுக்கு வந்த அன்று மாலையே புதிய தொட்டியைக் கழுவி, வளவுக் கிணற்று நீரை வார்த்து, மீன்களை அதனுள் விட்டேன். நீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தது. மறுநாட் காலையிற் பார்த்தபோது இரண்டும் ஒரு கல்லின் பின்னே ஒடுங்கி நின்றன. மாணிக்க நிறம் மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. ஐந்தாம் நாள் பெண் மீனும், ஒன்பதாம் நாள் ஆண் மீனும் இறந்தன.

நான் செய்த பிழைகள் மூன்று. துணையின்றி வைத்தேன், பழகாத நீரில் விட்டேன், ஒவ்வாத நீரில் விட்டேன். இம்மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீனின் பிறப்பிடம்

நான் வாங்கிய மீனை ஆங்கிலத்தில் ‘பிளாக் ரூபி பார்ப்’ என்பர். கருமாணிக்கக் கெண்டை என நாம் அழைக்கலாம். சிங்கள மக்கள் இதற்கு இட்ட பெயர் ‘புலத் ஹபயா’ என்பது. வெற்றிலை மென்றவன் என்பது அதன் கருத்து. ஆண் மீனின் சிவந்த முகத்தைக் கண்டோர் இப்பெயரின் நயத்தை உடனே உணர்வர். பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த அல்பேட் கூந்தர் என்னும் அறிஞர் 1868 ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்து, ‘கரும்பட்டைகளையுடையது’ எனப் பொருள்படும் ‘நைகிரோபசியாற்றா’ என்ற சிறப்புப் பெயரைச் சூட்டினார். 2012 ஆம் ஆண்டில் உறொகான் பெத்தியாகொட முதலிய இலங்கை அறிஞர் மூவர் இதனைப் ‘பெத்தியா’ என்னும் புதிய சாதியுட் சேர்த்தனர். ‘பெத்தியா’ என்பதும் சிறு கெண்டைகளுக்குச் சிங்களத்தில் வழங்கும் பெயரே.

உலகின் பல நாடுகளிலே தொட்டிகளில் வளர்க்கப்படும் இம்மீனுக்கு இயற்கையான தாயகம் நம் இலங்கைத் தீவு ஒன்றே. அதிலும் களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளே இதன் உறைவிடம். மரநிழல் கவிந்து, மணலும் பரலும் அடியிற் கிடக்க, குளிர்ந்து தெளிந்து மெல்ல ஓடும் நீரிலே இது கூட்டமாக வாழும். பாசியையும் மக்கிய இலைத்துகளையும் மேய்ந்து திரியும். முழு வளர்ச்சியடைந்த மீன் ஐந்து அல்லது ஆறு சென்ரிமீற்றர் நீளமிருக்கும். மீனை வளர்க்க விரும்புவோன் முதலில் அறியவேண்டியது அதன் ஊரையே. நிழல், குளிர்ச்சி, மென்மையான நீர், கூட்டம் என்னும் நான்கையும் அவ்வூர் அதற்கு அளித்துள்ளது. நமது தொட்டியும் இயன்ற அளவு அவற்றை அளித்தல் வேண்டும்.

துணை

மீன்கள் கூடி வாழ்தல் வெறும் பழக்கமன்று. அஃது உயிர்காக்கும் வழி. பருந்தும் கொக்கும் பெருமீனும் சூழ்ந்த உலகிலே தனித்த சிறுமீன் எளிதில் இரையாகும். பலவாய்ச் சேர்ந்து திரும்பும்போது, பகை எதனைக் குறிவைப்பதெனத் தடுமாறும். அன்றியும், பல கண்கள் காவல் செய்வதால் ஒவ்வொரு மீனும் அச்சம் நீங்கி இரை தேடுகின்றது. 1982 ஆம் ஆண்டில் பிற்சர் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி, பொன்மீனும் மின்னோ என்னுஞ் சிறுமீனும் கூட்டம் பெரிதாகப் பெரிதாக உணவை விரைவிற் கண்டடைந்தன என்று காட்டியது.

கூட்டத்தை விட்டகலாமல் மீன் எவ்வாறு நீந்துகின்றது என்பதும் வியப்புக்குரியது. கண் ஒரு கருவி; உடலின் இரு மருங்கும் ஓடும் பக்கக்கோடு மற்றொரு கருவி. அயல் மீனின் அசைவினால் நீரில் எழும் மெல்லிய அழுத்தத்தைப் பக்கக்கோடு உணரும். சேய்த் என்னுங் கடல்மீன்கள் சிலவற்றின் கண்களைத் தற்காலிகமாக மூடி, கண் தெரியும் 25 மீன்களின் கூட்டத்தில் விட்டுப் பார்த்தனர். கண் மூடப்பட்ட மீன்களும் கூட்டத்தோடு ஒத்து நீந்தின. பக்கக்கோடும் அறுக்கப்பட்டவையோ அவ்வாறு நீந்தவில்லை. இது 1976 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி. கூட்டத்தோடு ஒத்து நீந்த உதவும் ஒரு புலனைத் தன் உடலிற் சுமந்து பிறந்த உயிரைத் தனியே வைத்தல் எத்துணைக் கொடிது என்பதை இதனால் உணரலாம்.

ஆதலின், கருமாணிக்கக் கெண்டையை ஆறுக்குக் குறைய வளர்த்தல் தகாது; பத்து வளர்த்தல் நன்று. அவற்றுள் மூன்று நான்கு ஆண்களாகவும் ஏனையவை பெண்களாகவும் இருக்கட்டும். ஆண் மீன் தன் முழு நிறத்தைக் காட்டுவது மற்றோர் ஆணோடு போட்டியிடும்போதே. இரண்டு ஆண்கள் செட்டைகளை விரித்து ஒன்றையொன்று சுற்றிவரும். அவற்றால் பெருந்தீங்கு விளைவதில்லை. நான் வாங்கிய தனி ஆண் நிறம் மங்கியதற்கு அச்சமும் ஒரு காரணம், எதிராளி இன்மையும் ஒரு காரணம் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பத்து மீன்களுக்கு மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றேகாலடி உயரமுமுள்ள தொட்டி போதுமானது. அஃது ஏறக்குறைய நூறு லீற்றர் நீர் கொள்ளும். கூட்டமாக நீந்தும் மீனுக்கு உயரத்தைவிட நீளமே பயன்படும். அடியிற் கரிய சிறுபரலைப் பரப்பி, பின்புறத்திலும் பக்கங்களிலும் நீர்ச்செடிகளை நட்டு, நடுவிடத்தை நீந்துவதற்காக வெறுமையாக விடுக. கிரிப்டோகொரைன் என்னுஞ் செடியினத்துட் சில நம் தீவின் நிழலோடைகளுக்கே உரியவை. மங்கிய ஒளியிலும் வளர்வன. அவை இம்மீனுக்கு மிகப் பொருத்தமானவை.

பழகிய நீர்

புதிய நீர் தூய நீர். தூய நீர் மீனுக்கு நல்ல நீர் என்று நாம் எண்ணுகின்றோம். இதுவே பெரும்பாலோர் செய்யும் பிழை. மீன் தன் செவுள் வழியாக இடையறாது அமோனியாவை வெளிவிடுகின்றது. எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகின்றது. ஓடையிலே அது நீரோடு போய்விடும். தொட்டியிலோ போக்கிடமில்லை. கண்ணுக்குத் தெரியாது, நீரின் தெளிவும் கெடாது, ஆயினும் அது நஞ்சு.

இந்நஞ்சை நீக்கும் துப்புரவாளர் பற்றீரியாக்கள் எனப்படும் நுண்ணுயிர்களே. ஒருவகை அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சே, அது குருதியிலுள்ள ஈமோகுளோபினை மாற்றி, ஒட்சிசனைச் சுமக்கவொட்டாது தடுக்கும். மற்றொருவகை அந்த நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். மண்ணில் இத்தொழில் நிகழ்வதை 1890 ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி விளக்கினார். நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் படியைச் செய்வன நைத்திரோஸ்பைரா இனத்தன என்பது 1998 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது.

இவ்வுயிர்கள் பரலிலும் வடியின் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும். அதுவரை தொட்டியில் மீன் இருத்தலாகாது. காற்றுப் பம்பியோடு இணைந்த பஞ்சு வடியொன்றை இயக்கிவிட்டு, மீனில்லாத தொட்டியில் நாடோறும் ஒரு சிட்டிகை மீனுணவை இட்டுவருக. அது அழுகி அந்நுண்ணுயிர்களுக்கு உணவாகும். நன்கு நடைபெறும் பழைய தொட்டியொன்றின் வடிப்பஞ்சைப் பிழிந்த நீரைச் சேர்த்தால் காலம் குறையும். கடைகளிற் கிடைக்குஞ் சோதனைத் திரவங்களைக் கொண்டு பார்க்கும்போது அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்றாகி, நைத்திரேற்று மட்டும் காணப்படுமாயின் நீர் பழகிவிட்டது என்று கொள்க. பின்னரும் மீன்களை இரு தவணைகளாக விடுதல் நன்று.

தொட்டி அழுக்காயிற்றென்று வடிப்பஞ்சைக் குழாயின் கீழ்ப் பிடித்து நன்றாகக் கழுவுவோர் உளர். அவர்கள் கழுவி எறிவது அழுக்கை மட்டுமன்று, தம் துப்புரவாளரையுமாம். தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுத்து, அதில் மெல்லப் பிழிந்து மீண்டும் பொருத்துதலே முறை. கிழமைக்கொருமுறை தொட்டி நீரில் நாலிலொரு பங்கை மாற்றுதல் போதும். முழுவதையும் ஒருங்கே மாற்றுதல் மீனை ஊர்விட்டு ஊர் துரத்துவது போலாகும்.

ஏற்ற நீர்

மூன்றாவது பிழை நம் யாழ்ப்பாணத்தார்க்கே சிறப்பாக உரியது. நமது குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. அக்கல்லினூடாக ஊறிவரும் கிணற்று நீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வன்னீராகின்றது. அடுக்களையிற் கேத்தலின் அடியிலே படியும் வெள்ளைப் படையே இதற்குச் சான்று. கருமாணிக்கக் கெண்டை பிறந்ததோ சற்று அமிலத்தன்மையுள்ள மென்னீரில். அதன் நீரின் பீ.எச். பெறுமானம் 6 முதல் 7 வரை இருத்தல் நன்று. நமது கிணற்று நீரோ பெரும்பாலும் 7 இற்கு மேற்பட்டது.

இதனால் அமோனியாவின் கொடுமையும் மிகுகின்றது. நீரிற் கரைந்த அமோனியாவில் ஒரு பகுதியே கொடிய நஞ்சாக நிற்கும். எஞ்சியது பெரிதும் தீங்கற்ற அமோனியம் அயனாக நிற்கும். 25 பாகை செல்சியசில், பீ.எச். 7 ஆன நீரில் அந்நச்சுப் பகுதி நூற்றுக்கு ஒரு பங்கிலுங் குறைவு; பீ.எச். 8 ஆன நீரில் நூற்றுக்கு ஐந்து பங்களவாகும். ஆகவே ஒரே அளவு அழுக்கு, மென்னீரிற் பொறுக்கத்தக்கதாயும் வன்னீரிற் கொல்லத்தக்கதாயும் அமையலாம். இதனோடு, தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் உரத்தினால் நைத்திரேற்று மிகுந்துள்ளமையையும் ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. ஆகவே புதிய நீர் வார்ப்பதால் அது குறையும் என்பதும் உறுதியன்று.

இதற்கு மருந்து வானத்திலிருந்தே கிடைக்கின்றது. மழைநீர் மென்னீர். முதல் மழை கூரையைக் கழுவிச் செல்லட்டும். அடுத்துவரும் மழையைப் பிளாத்திக்குப் பீப்பாயிற் பிடித்து, நுளம்பு புகாதபடி மூடி வைக்க. சீமெந்துத் தொட்டியிற் சேர்த்தால், சீமெந்திலுள்ள சுண்ணாம்பு கரைந்து நீரை மீண்டும் வன்மையாக்கும். மழைநீரைத் தனியே பயன்படுத்துதலும் கூடாது. உப்பு எதுவும் இல்லாத அந்நீரின் பீ.எச். நிலையாக நில்லாது, ஒருநாள் திடீரெனத் தாழ்ந்துவிடும். மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் என்ற அளவிற் கலந்து, சோதித்துப் பார்த்துக் கூட்டியுங் குறைத்துங் கொள்க. கடற்கரையிற் பொறுக்கிய முருகைக்கல்லையும் சங்கையும் சிப்பியையும் அழகுக்காகத் தொட்டியில் இடற்க. அவை கரைந்து முயற்சியைக் கெடுக்கும்.

கொழும்பிலும் பிற நகரங்களிலும் வாழ்வோர் குழாய்நீரைப் பயன்படுத்தலாம். ஆனால் அதிற் குளோரீன் உண்டு. அது மீனின் செவுளையும் மேற்கூறிய பற்றீரியாக்களையும் ஒருங்கே அழிக்கும். அகன்ற பாத்திரத்தில் இரண்டொரு நாள் வைத்தோ, சோடியந் தயோசல்பேற்றுச் சேர்த்தோ அதனை நீக்கிய பின்னரே வார்த்தல் வேண்டும்.

கடையிலிருந்து கொண்டுவந்த மீன்களை உடனே தொட்டியிற் கொட்டுதலும் ஆகாது. முதலிற் சிறு தொட்டியொன்றில் மூன்று கிழமை தனியே வைத்து, வெண்புள்ளி நோய் முதலியன இல்லையெனத் தெளிக. அங்கும் பழகிய வடிப்பஞ்சு ஒன்று வேண்டும். விடும்போது, பையைத் திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஒரு மணி நேரம் சேர்த்து, பின்பு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக.

வெப்பமும் உணவும்

இம்மீனுக்கு 22 முதல் 26 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பநிலை ஏற்றது. நமது சித்திரை வெயிலில் அறைக்குள்ளேயே 30 பாகைக்கு மேல் ஏறும். நீர் சூடேற அதிற் கரையும் ஒட்சிசன் குறையும். 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும், 30 பாகையிலோ 7.6 மில்லிகிராம் அளவே கொள்ளும். ஆதலின் தொட்டியை யன்னலருகே வையாது, குளிர்ந்த உட்சுவரோரம் வைக்க. கோடையில் நீரின் மேற்பரப்பிற் சிறு மின்விசிறியின் காற்றுப் படச்செய்தால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று பாகை குளிரும். அவ்வாறு குறைந்த நீரை மழைநீரால் மட்டும் நிரப்புக. கிணற்று நீரால் நிரப்பினால், ஆவியாகாது எஞ்சிய உப்போடு புதிய உப்பும் சேரும்.

ஓடையிற் பாசி மேயும் மீனாதலால், புரதவுணவை மட்டும் கொடுத்தல் நன்றன்று. கடையுணவோடு, அவித்து மசித்த பசளிக் கீரையும் தோலுரித்த பட்டாணியும் கிழமையில் இருமுறை கொடுக்க. நுளம்புக் குடம்பி அதற்கு விருந்து. நாளைக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே இடுக. கிழமைக்கொருநாள் உணவின்றி விடுதலும் நலமே. வெள்ளிக்கிழமை விரதத்தில் வீட்டாரோடு மீன்களும் பங்குகொள்ளலாம்.

விடுமுறையும் மின்வெட்டும்

பாடசாலை ஆய்வுகூடத்திலே தொட்டி வைக்கும் மாணவர் மனங்கொள்ளவேண்டியவை இரண்டு. முதலாவது, விடுமுறை. வளர்ந்து நலமாயிருக்கும் மீன் ஒரு கிழமை உணவின்றி இருக்கும். பழக்கமில்லாத ஒருவரிடம் உணவுப் புட்டியைக் கொடுத்துச் செல்வதே ஆபத்து. அவர் அன்பினால் அள்ளி இடுவார், நீர் கெடும். விடுமுறை நீளுமாயின், ஒருமுறைக்குரிய உணவைத் தனித்தனிக் காகிதப் பொட்டலங்களிற் கட்டி, நாட்குறித்துக் கொடுத்துச் செல்க.

இரண்டாவது, மின்வெட்டு. 2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறந்திலோம். வடி நின்றால் ஒட்சிசன் குறையும். மீனோடு பஞ்சிலுள்ள பற்றீரியாக்களும் மூச்சுத்திணறும். அவ்வேளையில் உணவிடுதலை நிறுத்தி, அரைமணிக்கொருமுறை ஒரு குவளை நீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிவரின் மீன்கள் பிழைக்கும். மின்கலத்தால் இயங்குஞ் சிறு பம்பி இருப்பின் இன்னும் நன்று.

முடிவுரை

வாங்கும்போது, பண்ணையிற் பெருக்கிய குஞ்சுகளா, ஓடையிற் பிடித்தவையா எனக் கேட்டு, பண்ணை மீன்களையே வாங்குக. நிறமிகுந்த ஆண்களைத் தேடித்தேடிப் பிடித்தால், எஞ்சிய கூட்டம் எவ்வாறு பெருகும்? காடழிந்து ஓடைகள் வெயிலிற் காயும் இக்காலத்தில், இத்தீவுக்கே உரிய உயிரொன்றுக்கு நம் தொட்டி புகலிடமாகலாமேயன்றிச் சிறையாதல் கூடாது. வளர்க்கவியலாத அழகு மீன்களைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுதலும் பெருந்தீங்கு. தொட்டியைத் துப்புரவு செய்யுமென்று வாங்கப்படும் உறிஞ்சுவாய் மீனும், கத்திமீனும் பிறநாட்டிலிருந்து வந்து, இன்று நம் நீர்நிலைகளிற் பெருகி நிற்பன.

என் தொட்டியில் இப்போது பத்துக் கருமாணிக்கக் கெண்டைகள் உள்ளன. அவை வந்து மூன்றாம் வாரத்தில், காலை வேளையொன்றிலே, இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று சுற்றிவந்தன. முகம் சிவந்து உடல் கறுத்து, கடையிற் கண்டதினும் பொலிவாக விளங்கின. நான் செய்தது பெரிதொன்றுமில்லை. அவற்றுக்குத் துணையையும், பழகிய நீரையும், மழைநீரையும் கொடுத்தேன், அவ்வளவே.

நம் கல்லூரி மாணவருள் எவரேனும் இதனை மேற்கொள்ள விரும்பின், ஐப்பசி மழையில் நீர் சேர்க்கத் தொடங்குக. கார்த்திகையிலே தொட்டியை நிரப்பி வடியை இயக்கி, பொறுமையோடு காத்திருக்க. தைப்பொங்கலுக்கு மீன்கள் வரலாம். வெறுந் தொட்டியை ஆறு கிழமை பார்த்திருத்தல் இளமைக்குக் கடினமே. அந்த ஆறு கிழமைகளிலேதான் மீன் வளர்ப்பின் பெரும்பகுதி முடிந்துவிடுகின்றது.